மாசிலாமணிக் கரடியின் வலது கை

ஒரு காட்டில், ஓடையைத் தாண்டிப் போனால்தான் நெட்வொர்க் கிடைக்கும் ஒரு காட்டில், குணவதி என்றொரு கீரி இருந்தாள். அவள் பார்த்தது ஆக்குபேஷனல் தெரபி வேலை. நோயில் விழுந்து எழுந்த பிராணிகளைத் தம் கையால் தின்ன, குளிக்க, பிழைப்பைப் பார்க்க மறுபடி பழக்கிவிடும் வேலை. காட்டில் பாதிப் பேர் அவளை டாக்டரம்மா என்றார்கள். மீதிப் பேர் மசாஜ்காரி என்றார்கள். இரண்டும் தப்பு என்று சொல்லிச் சொல்லி அவளும் ஓய்ந்துவிட்டாள்.

அவளிடம் மாசிலாமணி என்ற கரடி வந்தார். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மனைவி பொன்னுருவிதான் கறையானை அள்ளி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. கை விளங்காத கரடியின் பெயரில் கறையான் புற்று இருக்கக் கூடாது. ஆடி முடிவதற்குள் கை சரியாகிவிட்டதாகச் சான்று தராவிட்டால் புற்று வேறொருவருக்குப் போகும். மாசிலாமணி குடும்பம் பொதுக்கஞ்சி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

"கஞ்சி குடிச்சுப் பழக்கமில்லம்மா" என்றார் மாசிலாமணி.

"பழக வேண்டாம்ணே. கையைப் பார்ப்போம்" என்றாள் குணவதி.

அதே வாரம் நலத்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர் அதிகாரி தாண்டவராயன், காட்டுப்பன்றி. 'தெரபி செய்வோருக்குப் பயனுள்ள இணையதளங்கள்' என்று அதில் நானூற்றுப் பன்னிரண்டு முகவரிகள். அத்தனையையும் பார்த்துப் படிவம் நிரப்பினால்தான் நோயாளியின் முன்னேற்றம் கணக்கில் ஏறும், சான்றும் கிடைக்கும்.

குணவதி நல்ல பிள்ளையாக ஓடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். முதல் தளம் திறக்கவில்லை. இரண்டாவது, பனிக்கரடி கம்பளிச் சட்டைக்குப் பித்தான் போடுவது எப்படி என்று காட்டியது. மூன்றாவது, முட்கரண்டி பிடிக்கச் சொல்லித்தந்தது. நான்காவது, 'நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கவும்' என்று ஒன்பது படங்களைக் காட்டி, டிராஃபிக் சிக்னலைத் தொடச் சொன்னது. பிறந்ததிலிருந்து சிக்னலையே பார்த்திராத கீரி, ஒரு நாள் முழுக்க இயந்திரமாகவே இருந்தாள்.

பட்டியலில் இல்லாத ஒன்றும் தற்செயலாகக் கண்ணில் பட்டது. எங்கோ வறண்ட மலையில் வேலை பார்க்கும் ஓர் உடும்பு, பாறைமேல் போனைச் சாய்த்துவைத்து எடுத்த நாலு நிமிட வீடியோ. படம் ஆடியது, நடுவில் ஆடு கத்தியது. ஆனால் நல்ல கையைக் கட்டிப்போட்டு விழுந்த கைக்கு வேலை கொடுப்பதை, யாருக்கு அதைச் செய்யக் கூடாது என்பது உட்பட, அந்த உடும்பு புட்டுப்புட்டு வைத்தது. குணவதி மூன்று முறை பார்த்தாள். பிறகு பட்டியலை மூடிவைத்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

மாசிலாமணியின் இடது கையைத் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டினாள்.

"நல்லா இருக்கிற கையை எதுக்கும்மா கட்டுறீங்க?"

"அது இருக்குங்கிற தெம்புலதான் இது படுத்துக்கிடக்குதுண்ணே."

முதலில் களிமண் பிசைந்தார். அப்புறம் இலந்தைப் பழம் பொறுக்கினார். ஒரு நாள் இருபது பழமும் நழுவி ஓடிவிட, பொன்னுருவிமேல் எரிந்து விழுந்தார். அவள் எல்லாவற்றையும் பொறுக்கி, மறுபடி அவர் முன்னால் கொட்டினாள். ஐம்பதாம் நாள் பழைய புற்று ஒன்றின் மூலையைத் தானே பிளந்து, முதல் பிடி கறையானை மனைவி வாயருகே நீட்டினார்.

"இந்தா, நீ தின்னு."

பொன்னுருவி தின்றுகொண்டே அழுதாள். குணவதி திரும்பி நின்றுகொண்டாள்.

ஆடி முப்பதாம் தேதி மூவரும் நலத்துறைக்குப் போனார்கள். தாண்டவராயன் திரையைப் பார்த்தார்.

"முன்னேற்றம் பூஜ்ஜியம். ஏம்மா, ரெண்டு தளம்தான் பார்த்திருக்கே?"

"கை சரியாயிடுச்சு சார். நீங்களே பாருங்க."

மாசிலாமணி கையைத் தூக்கிக் காட்டினார்.

"உங்களை நான் பார்க்கக் கூடாதுங்க. ஸ்கிரீனைத்தான் பார்க்கணும். ஸ்கிரீன்ல உங்க கை விழுந்தது விழுந்தபடியே கிடக்குது. நாளையிலிருந்து கஞ்சிக்கு வந்துடுங்க. உங்க சம்சாரத்தைத் தட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

தட்டு என்ற சொல் மாசிலாமணியின் காதில் விழுந்ததும் தாண்டவராயன் கன்னத்தில் அறை விழுந்தது.

தோள் சுழன்றது, முழங்கை நீண்டது, மணிக்கட்டு நிமிர்ந்தது, ஐந்து விரலும் விரிந்து போய்ப் பதிந்தன. குணவதி தொழில் பழக்கத்தில் முதலில் அதைத்தான் கவனித்தாள். பயம் அப்புறம்தான் வந்தது.

தாண்டவராயன் உடனே புகார் எழுதினார். 'மேற்படி மாசிலாமணி தன் வலது கையால், முழு பலத்துடன், குறி தவறாமல் என் இடது கன்னத்தில் அறைந்தார்.' கீழே கையெழுத்து, தேதி, அரசு முத்திரை.

பொன்னுருவி அதன் நகலைக் கேட்டு வாங்கி, பக்கத்திலிருந்த புற்றுப் பதிவு ஜன்னலில் நீட்டினாள். அங்கே இருந்த கொக்கு குமாஸ்தா இரண்டு முறை படித்தார்.

"வலது கைன்னு இருக்கு. முழு பலம்னு இருக்கு. அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்கார். இதைவிட என்ன சான்று வேணும்?" என்று புற்றை மாசிலாமணி பெயருக்கே எழுதிக்கொடுத்தார்.

அறைந்ததற்கு மாசிலாமணிக்கு மூன்று நாள் சிறைக்குகை. அங்கே மூன்று வேளையும் தன் கையாலேயே தின்றார். குணவதிக்கு ஒரு மெமோ வந்தது: 'அடிக்கும் அளவுக்கு நோயாளியைக் குணப்படுத்தியது ஏன்?' பதில் எழுதும் கட்டத்தில் இருபது எழுத்துக்குத்தான் இடமிருந்தது. 'அது என் வேலை, ஐயா' என்று எழுதி அனுப்பினாள்.

அலுவலகக் கேமராவில் பதிவான அந்த அறையை யாரோ பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்றாவதாக ஏற்றிவிட்டார்கள். 'தோள் முதல் விரல் வரை: முழு வீச்சு' என்று தலைப்பு. படிவம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. கை விழுந்த பிராணிகளெல்லாம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, காற்றில் கையை வீசிப் பழகுகிறார்கள். அந்தப் பட்டியலிலேயே பயனுள்ளது அது ஒன்றுதான் என்பது காட்டின் ஏகோபித்த கருத்து. தாண்டவராயனுக்கு, சிறந்த பாடப்பொருள் வழங்கியவர் என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

நீதி: கை குணமானதற்கு அரசு முத்திரை வேண்டுமென்றால், முதலில் கையின் முத்திரையை அரசின் கன்னத்தில் பதிக்க வேண்டும்.