மாவில் விழுந்த என் கன்னடம்

பெங்களூரில் வசிக்கும் எல்லாத் தமிழர்களுக்கும் கன்னடம் தெரியும். அது கன்னடம் இல்லை என்பது கன்னடக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் நல்லவர்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே நமக்குத் தமிழில் பதில் சொல்லிவிடுவார்கள். நாமும் என்ன சரளமாகப் பேசிவிட்டோம் என்று பூரித்துப்போய் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவோம்.

நான் போதாக்குறைக்கு ஒரு விஞ்ஞானி வேறு. (நுண்ணுயிரியல். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம், ஊசி போடத் தெரியாது. என் மாமியார் இதை இன்னும் மன்னிக்கவில்லை.) விஞ்ஞானி என்றால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விதி கண்டுபிடித்தாக வேண்டும். கன்னடத்துக்கும் ஒன்று வைத்திருந்தேன். தமிழ்ச் சொல்லை எடு, முதலில் 'ப' இருந்தால் 'ஹ' ஆக்கு, கடைசியில் ஒரு 'உ' சேர். பால், ஹாலு. பல், ஹல்லு. பூகூட ஹூவு ஆகிவிட்டது. இப்படி மூன்றே மாதிரிகளை வைத்துக்கொண்டு என் மாணவர் யாராவது முடிவு சொல்லியிருந்தால் ஆய்வகத்தை விட்டே துரத்தியிருப்பேன். நானே செய்தால் அதற்குப் பெயர் உள்ளுணர்வு.

அப்போது இன்ஸ்டாகிராமில் விஞ்ஞானிகளுக்குத் திடீர் மவுசு. முகத்துக்குப் பூசுகிற கிரீமிலிருந்து புரோட்டீன் பொடி வரை எல்லாக் கம்பெனிக்கும் பக்கத்தில் நின்று தலையாட்ட ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டார். தயிர் ஏன் உறைகிறது, ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்று நானும் குட்டி வீடியோக்கள் போட்டுக்கொண்டிருந்ததால் எனக்கும் அழைப்புகள் வந்தன. "அறிவியல் விற்பனைக்கு இல்லை" என்று எல்லோருக்கும் பதில் எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே புல்லரிக்கும்.

கம்பெனிக்காரர்களிடம் கொள்கை பேசலாம். கொழுந்தனிடம் பேச முடியுமா? என் கணவரின் தம்பி பிரகாஷ், எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, அதே எலெக்ட்ரானிக் சிட்டியில் கிரைண்டர் போட்டு இட்லி தோசை மாவு பாக்கெட் விற்க ஆரம்பித்திருந்தான். அதுவரை வந்துகொண்டிருந்த வரன்களெல்லாம் சொல்லிவைத்த மாதிரி நின்றுபோயின. "பையன் மாவு ஆட்டுறானாமே" என்று ஒரு பெண்ணின் அம்மா போனிலேயே முடித்துக்கொண்டார். மஞ்சுநாத் என்பவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருந்தன. அவர் மட்டும் மாவை வாங்கி வைக்கச் சம்மதித்துவிட்டால், மாவு ஆட்டுகிறவன் ஒரே நாளில் பிசினஸ்மேன் ஆகிவிடுவான். அவரோ முதலில் ஒரு விளம்பரம் செய்து காட்டு, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்றிருந்தார்.

"அண்ணி, நீங்க லைவ்ல வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும். மஞ்சுநாத் சார் குடும்பத்தோட பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஆனா கன்னடத்துல பேசணும்."

"அதுக்கென்னடா" என்றேன். (விதி எதற்கு இருக்கிறது!)

லைவ் அன்று அவன் கிரைண்டர் போட்டிருந்த இடத்துக்குப் போனபோது பளபளவென்று ஒரு வெள்ளைக் கோட்டும், அதன் மேல் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் வைத்திருந்தான். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் கோட்டு அவ்வளவு வெள்ளையாக இருந்தால் அவர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

"நான் அந்த டாக்டர் இல்லடா."

"அது நமக்குத் தெரியும் அண்ணி. பாக்கறவங்களுக்கு எதுக்கு?"

விஞ்ஞான நேர்மைக்காக வெகுநேரம் போராடினேன். கடைசியில், கழுத்தில் தொங்கலாம், காதில் மாட்டக் கூடாது என்று உடன்பாடு ஆயிற்று. பொங்கி நிற்கும் மாவு அண்டாவுக்குப் பின்னால் என்னை நிறுத்திவிட்டு, விளக்கு வட்டத்துக்கு நடுவில் போனை மாட்டி, கட்டைவிரலை உயர்த்தினான்.

"நமஸ்காரா எல்லரிகூ" என்று ஆரம்பித்தேன். இது என் கொழுந்தன் கம்பெனி என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அடுத்தது முக்கியமான விஷயம். இந்த மாவில் சோடா கிடையாது, இயற்கையான நல்ல புளிப்புதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். புளிப்புக்குக் கன்னடத்தில் என்ன? கவலையே இல்லை. புளி. 'ப' போய் 'ஹ'. கடைசியில் 'உ'.

"நம்ம ஹிட்டல்லி சோடா இல்லா. ஒள்ளே ஹுளு இதே!"

திரையில் சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று ஏறின. கன்னட மக்களின் அன்பு என்னைத் திக்குமுக்காட வைத்தது. புளிப்பு தானாகவே வரும் என்பதை "ஹுளு தானாகே பரத்தே" என்றேன். இரவு வைத்தால் காலையில் நன்றாக வந்திருக்கும், பயப்படாதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுங்கள், வயிற்றுக்கு நல்லது என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் தவறாமல் ஒரு ஹுளு இருந்தது.

போனுக்குப் பின்னால் பிரகாஷ் ஒரு விரலை நெளித்து நெளித்துக் காட்டினான். மாவைக் கலக்கிக் காட்டச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டு, கரண்டியை விட்டுத் தூக்கினேன். வெள்ளை வெளேரென்று மாவு நீள நீளமாக வழிந்தது. "நோடி, ஹுளு!" என்று பார்க்கச் சொன்னேன். பிரகாஷ் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது ஒரு பெண்மணி கேள்வி அனுப்பினார். "ஹுளு ஜாஸ்தி ஆதரே ஏனு மாடோது மேடம்?" அதிகமாகிவிட்டால் என்ன செய்வதாம். புளித்த மாவுக்கு வழி தெரியாத தமிழச்சி உண்டா?

"யோசனே மாடபேடி! ஈருள்ளி, ஹசி மெணசின்காயி கட் மாடி ஹாக்கி, ஊத்தப்பா மாடி!"

கவலைப்படாதீர்கள், வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் வார்த்துவிடுங்கள். இதற்குப் பிறகு வந்த பொம்மைகளில் பல, முகம் பச்சையாகி வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. யாரும் கேட்காமலே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, மறுமுனையை அண்டாவில் வைத்து, கண்ணை மூடி, "கேளி, கேளி! ஹுளு மேலே பர்த்தா இதே!" கேளுங்கள், புளிப்பு மேலே வந்துகொண்டிருக்கிறது என்று பரவசமானேன்.

கண்ணைத் திறந்தபோது பிரகாஷ் போனை அணைத்திருந்தான்.

"எப்படிடா?" என்றேன்.

"அண்ணி, புளிப்புக்கு கன்னடத்துல ஹுளி."

"நானும் அதைத்தானே சொன்னேன். ஹுளு."

அவன் மறுபடியும் அந்த விரலை நெளித்துக் காட்டினான். "ஹுளுன்னா புழு."

பு, ழு. 'ப' போய் 'ஹ'. கடைசியில் 'உ'. என் விதி அன்றுதான் முதல்முறையாக அப்பழுக்கில்லாமல் வேலை செய்திருந்தது.

வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மஞ்சுநாத். எனக்கும் கேட்கட்டும் என்று அவரே ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "ஏன் மேடம், எங்க கடையில அரிசியில, பேளையில, அதான் பருப்புல, ஹுளு வந்தா நாங்க தூக்கி எறியறோம். நீங்க அதை ஸ்பெஷலா வளர்த்து விக்கிறீங்களா?" என்று தமிழில் கேட்டார். பிரகாஷ் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். லைன் துண்டிக்கப்பட்டது.

அன்று அரைத்த மாவு ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. பிரகாஷ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிப்புக் கேட்டு இன்னொரு லைவ் போடட்டுமாடா?" என்று கேட்டேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். என் கணவர் மட்டும், "எந்த மொழியில?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தார்.

ஆனால் யாரோ பதிவு செய்துவிட்ட அந்த வீடியோ தன்பாட்டுக்குப் பெங்களூர் முழுக்கச் சுற்றியது. சுற்றச் சுற்ற, மஞ்சுநாத்தின் கடைகளுக்கு வந்தவர்களெல்லாம், "ஆ மேடம் ஹுளு ஹிட்டு இதெயா?", அந்த மேடத்தின் புழு மாவு இருக்கிறதா, என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் வேடிக்கைக்கு, பலர் உண்மையாகவே மாவு வேண்டி. கடைசியில் அவரே கூப்பிட்டார். மாவை வைத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். அதன்படி இன்றைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நான் கண்ணை மூடி அண்டாவில் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கும் படமும், அதன் கீழே கன்னடத்தில் "ஹுளி இதே, ஹுளு இல்லா" என்ற வாசகமும் அச்சாகின்றன. புளிப்பு உண்டு, புழு இல்லை. நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை என் கணவரே படித்ததில்லை. ஊரே படித்த என் ஒரே அறிவியல் முடிவு இதுதான்.

வீட்டில் ஊத்தப்பத்துக்குப் பெயரே மாறிவிட்டது. புழுத்தப்பம். அப்படியே பழகியும்விட்டது. பிறகு பெங்களூரிலேயே ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் பிரகாஷைப் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், பெண்ணும் கூடவே வந்திருந்தாள். அடக்க ஒடுக்கமாகப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. என் மாமியார் கரண்டியோடு வந்து, பெண்ணின் அப்பாவிடம், "கூச்சப்படாம சாப்பிடுங்க, இன்னொரு புழுத்தப்பம் வெக்கட்டுமா?" என்றார்.

அவர் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்தப் பெண் என்னை எட்டிப் பார்த்தாள். பாக்கெட்டில் பார்த்த முகம் என்று பிடிபட்டிருக்க வேண்டும். தன் தட்டை என் மாமியார் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"ஒள்ளே ஹுளுதானே ஆன்ட்டி? அப்ப எனக்கும் ஒண்ணு வைங்க."

எங்களைக் கேட்காமலே பிரகாஷ் சம்மதம் சொல்லிவிட்டான்.