வண்டி விற்கும் நிலையில் இல்லை

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஜாபேஸ் அவர்களுக்கு, மாமா ஞானையா எழுதிக்கொள்வது. மகள் டார்லினுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதலாம்தான். உங்கள் அத்தை சாலோமிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடப்பது தெரிந்த உங்களிடம் அப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

எங்களிடம் விட்டுவைத்திருக்கும் உங்கள் காரைக் கிறிஸ்துமஸ் லீவில் வந்து விற்கப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாக விற்கலாம், உங்கள் வண்டி. ஆனால் அது விற்கும் நிலையில் இல்லை என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அத்தை அதையே பார்த்து, "என்னங்க, இன்னும் எரியுதே" என்று நடுங்கினாள். அவள் நடுங்கக் கூடாதே என்று, புத்தாண்டு ஆராதனையில் அவளுக்குக் கிடைத்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை அதன்மேல் ஒட்டிவிட்டேன். நல்ல வசனம். விளக்கும் மறைந்தது, அவளும் அமைதியானாள். மாதக்கணக்கில் சமாதானமாக ஓட்டினேன். வண்டி மட்டும் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது, கரும்புகை கக்கியது, கடைசியில் டயாலிசிஸுக்குப் போகிற வழியில் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தின் நட்டநடுவில் இருமி இருமி நின்றேவிட்டது. பின்னால் ஊர் பஸ் அத்தனையும் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர், "ஓய் பெரியவரே, வண்டிய ஓரங்கட்டும்வே!" என்கிறார். தலைமையாசிரியராக இருந்தவனை! அந்த ஆட்டோவிலேயே அத்தையைத் தனியாக ஏற்றி அனுப்பினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலப்பாளையத்து மெக்கானிக் சிராஜுதீன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, "சார்வாள், ஆக்சிஜன் சென்சார் போயிட்டு. புகைக்குழாயில இருக்க சாமான். அது சொல்லுத கணக்குலதான் இன்ஜின் பெட்ரோல் குடிக்கும்" என்றார். மாற்றினார். விளக்கு மறுபடியும் எரிந்தது. "சென்சார் ரெண்டு உண்டு சார்வாள். கெட்டது முன்னால உள்ளது, நான் பின்னால உள்ளத மாத்திட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். முன்னால் உள்ளதோ துருவேறிப்போய்க் கழலவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, நெருப்புக் காட்டி, நான் கண்ணை மூடி ஜெபிக்க, அவர் பிஸ்மி சொல்லி இழுத்தார். இரண்டு மதத்துக்கும் அந்தத் துரு அசையவில்லை. கடைசியில் பாதி கையோடு வந்தது, பாதி குழாய்க்குள் நின்றுவிட்டது. இனிக் குழாயையே மாற்ற வேண்டுமாம்.

ஆகவே மாப்பிள்ளை, அதை எவனும் வாங்க மாட்டான். இங்கனயே கிடக்கட்டும். என்றைக்காவது ஓடினால் அத்தையை ஏற்றிப் போவேன். ஆட்டோ குலுக்கலில் அவளுக்கு டயாலிசிஸ் ஊசி குத்திய கை வீங்கிவிடுகிறது. அந்தக் கார் வாசலில் நிற்கிறவரைக்கும் அவளும் இருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

உங்கள் வேலையையும் வீட்டையும் ஆண்டவர் காப்பாராக. பிள்ளைகளைப் பல் தேய்க்காமல் தூங்க விட வேண்டாம்.

இப்படிக்கு,
ஞானையா,
தலைமையாசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுதேன். உறைய ஒட்டச் சொல்லி மாமா என்கிட்ட தந்தாங்க. குழாயும் மாத்தி, வண்டி போன வாரமே வீட்டுக்கு வந்துட்டு. நல்லாத்தான் ஓடுது. நீங்க வித்துருங்க. ஊசி குத்துத இடமெல்லாம் அடைஞ்சு போச்சு. போதும், டயாலிசிஸ நிறுத்திட்டு இனி வீட்டுலயே இருந்துக்கிடுதேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. நீங்க வாரதுவரைக்கும்தான் போவேன். டார்லினுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. நான் சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்காம சீக்கிரமா வந்து, மாமா பக்கத்துல உக்காந்து, பைய எடுத்துச் சொல்லுங்க.