சுந்தர்சிங் நன்றி சொன்ன கதை

“இன்னையிலேர்ந்து இந்த வீட்ல சுந்தர்சிங் பேரை யாரும் எடுக்கக் கூடாது,” என்று ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி சிட்டிபாபு அறிவித்தார்.

“முப்பத்தி நாலு வருஷமா நீங்க மட்டும்தானே எடுக்கறீங்க,” என்றாள் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி. “சட்னியா, பொடியா?”

“ரெண்டும்.” கோபம் வந்தால் அவருக்குப் பசி அதிகம்.

ஒரு காலத்தில் தாம்பரத்தில் சுந்தர்சிங்கைத் தெரியாதவர் கிடையாது. மின்னல் அணியின் வாலிபால் வீரர். எண்பதுகளின் கடைசியில், ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த மைதானத்தில் சாயங்கால ஆட்டம் நடக்கும். சுந்தர்சிங் எகிறினால் எதிரணிக்காரன் பந்தைப் பார்க்க மாட்டான், கண்ணை மூடிக்கொள்வான். மின்சார ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கத்தி ஸ்கோர் கேட்பார்கள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் சைக்கிள் கேரியர்மேல் ஏறி நிற்பார்கள். ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையாகப் பன்னிரண்டு சாயும். அப்படி ஒருநாள் சாய்ந்தவர்களில் ஒருவர்தான், அப்போது திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த சிட்டிபாபு. இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் அதைக் காட்டுவார்.

அந்த சுந்தர்சிங்குக்குப் பழைய ரசிகர்கள் சேர்ந்து, சனிக்கிழமை மாலை மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். சால்வை போட்டார்கள். இரண்டு பேர் தூக்கிவந்த கேடயத்தைக் கொடுத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும், நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லாரும் செல்போனை உயர்த்தினார்கள்.

“இந்த சால்வை குத்துது,” என்று ஆரம்பித்தார் சுந்தர்சிங்.

அப்புறம் இருபது நிமிஷம். தன்னை ஆடவிடாமல் ஓரமாக உட்காரவைத்த கோச், கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாத ரெஃப்ரி, பந்தை ஒழுங்காகத் தூக்கிக் கொடுக்காத சக ஆட்டக்காரர், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கினார். அதில் இரண்டு பேர் மேடையிலேயே மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் எகிறினப்ப கை தட்டினீங்க. முட்டி போய் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேனே, ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்தீங்களா?”

மண்டபம் திகைத்தது. மூன்றாம் வரிசையில் சிட்டிபாபு செல்போனை மெல்ல இறக்கினார். அந்த ஒரே ஒருத்தன் தான்தான் என்று அவர் சாமுண்டீஸ்வரியிடம் நூறு தடவையாவது சொல்லியிருக்கிறார். ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாராம். கட்டிலருகே உட்கார்ந்தாராம். இருவரும் கண் கலங்கினார்களாம். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட உண்மையில் அவருக்குத் தெரியாது.

சாமுண்டீஸ்வரி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு முழுக்க ரசிகர் மன்றத்து வாட்ஸ்அப் குழு கொதித்தது. நன்றி கெட்டவர் என்றது ஒரு கோஷ்டி. உள்ளதைத்தானே சொன்னார் என்றது இன்னொரு கோஷ்டி. காட்டாங்குளத்தூர்ப் பேராசிரியர் ஒருவர் நான்கு பக்கம் எழுதினார். யாரும் படிக்காமல் எல்லாரும் கைகூப்பினார்கள். செயலாளர் ஏசுபாதம் குரல் பதிவாகப் பேசி அனுப்பினார்: “இன்னா பாபு இது, கேடயத்த வாங்கிகினு நம்மளயே கேடு கெட்டவன்றாரு? ஒரே பேஜாரா கீது.”

எல்லாரையும்விடக் காட்டமாக எழுதியவர் சிட்டிபாபு. ‘அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது’ என்று ஐந்து தடவை எழுதினார்.

“அப்ப அவர் சொன்னது பொய்யா?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“சுத்தப் பொய்.”

“நீங்க போனீங்க.”

“போனேன்.”

“பாவம், மறந்துட்டார் போல. அடுத்த ஞாயித்துக்கிழமை அனகாபுத்தூருக்கு அவர் வீட்டுக்கே போய் ஞாபகப்படுத்திட்டு வந்துடலாம். நானும் வரேன்.”

“எதுக்கு சாமு? பெரிய மனுஷனைப் போய் தொந்தரவு பண்ணிக்கிட்டு.”

“காலையில பேரையே எடுக்கக் கூடாதுன்னீங்க. மதியத்துக்குள்ள பெரிய மனுஷன் ஆயிட்டாரா?”

புதன்கிழமை, கரண்ட் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சிட்டிபாபு தனியாக அனகாபுத்தூர் பஸ் ஏறினார். கையில் ஆறு சாத்துக்குடி. ஆற்றோரத்துச் சந்தில் மூன்றாவது வீடு. காலை விந்தி விந்தி நடந்துவந்து சுந்தர்சிங்கே கதவைத் திறந்தார்.

“மன்றத்து ஆளா? கேடயத்தைத் திருப்பிக் கேட்டு வந்தீங்களா? அதோ, ஜன்னல் அடிச்சுக்காம முட்டுக் கொடுத்திருக்கேன். எடுத்துக்குங்க.”

சிட்டிபாபு சாத்துக்குடியை மேஜைமேல் வைத்தார். “இது முப்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும் சார்,” என்று ஆரம்பித்து, மனைவியிடம் சொல்லிவந்த பொய்யை ஒன்றுவிடாமல் சொன்னார்.

சுந்தர்சிங் இருமல் வருகிறவரை சிரித்தார். அப்புறம் அந்தச் சாத்துக்குடிகளையே எடுத்து மேஜைமேல் முன்னால் மூன்று, பின்னால் மூன்றாக அடுக்கினார். “எண்பத்தொம்பது ஃபைனல். கடைசி செட். பதினாலுக்குப் பதினாலு. ஞாபகம் இருக்கா?”

“நீங்க இங்க நின்னீங்க சார்,” என்று ஒரு சாத்துக்குடியை நகர்த்தினார் சிட்டிபாபு. “ரயில் வேற வந்துது. அந்தச் சத்தத்துல விசில் யாருக்கும் கேட்கலை.”

“எனக்குக் கேட்டுது.”

இரண்டு கிழவர்களும் அந்தக் கடைசிப் புள்ளியை நான்கு தடவை ஆடிப் பார்த்தார்கள். நான்கு தடவையும் மின்னல் அணி ஜெயித்தது. வெளியே வெயில் இறங்கிவிட்டது.

“அன்னிக்கு மண்டபத்துக்கு நான் கோபத்தோட வரலை பாபு,” என்றார் சுந்தர்சிங். “அத்தனை பேரை ஒண்ணா பார்த்ததும், இத்தனை பேர் இருந்தும் அப்ப ஏன் ஒருத்தரும் வரலைன்னு தோணிடுச்சு. வாய் முந்திக்கிச்சு. இப்ப என் பொண்டாட்டி அருள்மேரியே எங்கூடப் பேசறதில்லை. நன்றின்னு ஒரு வார்த்தை உங்களுக்குச் சொல்லத் தெரியலையேங்கறா.”

சிட்டிபாபு ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டினார். அப்போது ஒருநாளாவது போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க,” என்றார் சுந்தர்சிங். “நீங்க வந்தீங்கன்னே சொல்லிடறேன். இந்தத் தடவை நன்றியில குறையே வைக்க மாட்டேன்.”

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். அவர் மனைவி அருள்மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். சுந்தர்சிங் சாமுண்டீஸ்வரியைப் பார்த்து, எழுந்து நின்றே பேசினார்.

“அம்மா, அன்னிக்கு மேடையில ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்தார். இவர்தான் அது.”

சிட்டிபாபு அடக்கமாகத் தரையைப் பார்த்தார். சுந்தர்சிங் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“தினமும் வந்தார்,” என்றார் சுந்தர்சிங்.

சிட்டிபாபு நிமிர்ந்தார்.

“தினமுமா சார்?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“தினமும். காலையில வந்தா பொழுது சாய்ஞ்சுதான் போவார். தொண்ணூத்தி ரெண்டு பிப்ரவரி, மார்ச், ரெண்டு மாசமும். சாத்துக்குடியைத் தன் கையால உரிச்சு ஊட்டுவார். இவரை மாதிரி ஒரு ரசிகர் எவனுக்குக் கிடைப்பார்?”

அந்த இரண்டு மாசமும் கட்டிலை விட்டு நகராமல் இருந்தவள் அருள்மேரி. அவள் தன் கணவரையே பார்த்தாள்.

“கேட்கவே சந்தோஷமா இருக்கு சார்,” என்றாள் சாமுண்டீஸ்வரி. “தொண்ணூத்தி ரெண்டு மார்ச்லதான் எங்க அனுப்பிரியா பொறந்தா. நான் கூடுவாஞ்சேரியில அம்மா வீட்ல இருந்தேன். ட்ரெயின்ல அரை மணி நேரம். இவர் பதினெட்டாம் நாள்தான் வந்து குழந்தை முகத்தைப் பார்த்தார். பட்டறையில ஒருநாள்கூட லீவு தரலைன்னார்.”

அவள் சிட்டிபாபு பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. எது பொய்னு நீங்களே சொல்லுங்க. அந்த ஒண்ணை மட்டும் மன்னிச்சுடறேன்.”

சிட்டிபாபு இரண்டையும் மனசுக்குள் தூக்கிப் பார்த்தார். ஒன்று இலேசாக இருந்தது. “ஆஸ்பத்திரிக்கு நான் போகவே இல்லை சாமு.”

“சரி, மன்னிச்சாச்சு. அப்ப லீவு தராதது நிஜம்.”

“சத்தியமா.”

சுந்தர்சிங் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு நல்ல வார்த்தை பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“இல்லம்மா, மனசு கேட்கலை,” என்றார். “இவர் புதன்கிழமை வந்தப்ப, நான் இல்லாம அந்த மார்ச் டோர்னமென்ட்ல நம்ம டீம் எப்படி ஆடுச்சுன்னு கேட்டேன். பதினோரு நாளும் பட்டறைக்கு லீவு போட்டுட்டு கிரவுண்ட்லயே கெடந்தாராம். புள்ளி புள்ளியா சொன்னார். எனக்குப் பதிலா ஆடினவன் ஸ்மாஷ் என்னுதைவிட நல்லா இருந்துதுன்னு வேற சொன்னார்.”

சாமுண்டீஸ்வரி தன் கணவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுந்தர்சிங் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு மேடையில இந்த ரசிகர்களை நீங்க ரொம்பக் கம்மியாத்தான் திட்டினீங்க சார்.”