ரெட் அலர்ட் சொன்ன ஒரே நல்ல வார்த்தை

அதைத்தான் சொல்ல வந்தேன் சரோஜா, அதற்குள் குக்கர் கத்திவிட்டது. நீ குடிவந்திருக்கிற வீட்டுச் சுவரெல்லாம் எதற்கு இத்தனை இரும்புக் கொக்கி என்று கேட்டாயே, அவை உனக்கு முன்னால் இங்கே இருந்த ரெட் அலர்ட் அடித்தவை. காற்றடித்தால் வீடு பறந்துவிடக் கூடாதாம், வீட்டையே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார் மனிதர். மழைக்கு அவரைப் போல பயந்தவரும் பெரிய காஞ்சிபுரத்தில் கிடையாது, அவரைப் போல அதற்காகக் காத்துக்கிடந்தவரும் கிடையாது.

அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ரெட் அலர்ட்தான். தொழில் பந்தல் போடுவது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் மூங்கிலும் தார்ப்பாயும் அவர் கொட்டகையிலிருந்துதான் வரவேண்டும். வரவேண்டும் என்கிறேன், வந்தது என்று சொல்லவில்லை. பந்தல் கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் எடுத்து நீட்டுவது வானிலை காட்டுகிற போனைத்தான்.

“வைகாசியிலயா வெச்சிருக்கிறீங்க? தேதிய மாத்துங்க.”

“முகூர்த்தம் குறிச்சிட்டோம்பா.”

“ஐயரு குறிச்சாரு, வானம் குறிச்சிதா? கடல்ல ஒண்ணு சுத்திக்கினு இருக்குது. பேசாம மண்டபம் புடிச்சிக்கோங்க.”

வந்தவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே அடுத்த தெருப் பந்தல்காரரிடம் போய்விடுவார்கள். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் செண்பகம் கரண்டியோடு வருவாள்.

“யோவ், நீ பந்தக்காரனா, பந்தலுக்குப் பகையாளியா? ஒலையில அரிசிக்குப் பதிலா ஒன் மேகத்தையா போட்டு வடிக்கட்டும்?”

அதையும் மீறிப் பிடிவாதமாகக் கேட்டவர்களுக்குப் பந்தல் கிடைத்தது, பாவம். என் தம்பி மகள் கல்யாணத்துக்கு அவர் போட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். காற்று பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று கூரையை அத்தனை தாழ்வாக இறக்கிவிட்டார். மாப்பிள்ளை பனைமரம் மாதிரி ஆள். வாசலிலிருந்து மணை வரைக்கும் குனிந்தபடியே வந்தார். “என்னா அடக்கமான புள்ள!” என்று எங்கள் கிழவிகள் எல்லாம் உருகிப்போனார்கள். அடிக்கொரு கயிறு இழுத்துக் கட்டியிருந்ததில் சம்பந்தியம்மாள் ஜாக்கெட் பித்தான் தெறிக்கத் தடுக்கி விழுந்தாள். அதை வைத்து இன்னும் எங்களோடு பேசுவதில்லை, அது வேறு கதை. கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, பெண் மசக்கையென்று தாய்வீட்டுக்கு வந்தும்விட்டாள். அவர் போட்ட முடிச்சுகள் மட்டும் அவிழவில்லை.

போன கோடையைச் சொல்கிறேன் கேள். கத்திரி வெயில் தொடங்குமுன்பே போனில் வந்துவிட்டது. இந்த வருஷம் கோடை மழை வழக்கத்தைவிட அதிகம், இடி உண்டு, சூறைக்காற்று உண்டு, பள்ளமான இடங்களில் வெள்ளம் புகும் என்று. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பூசியிருப்பது தெரியும். வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவர் குடையை விரித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, வீடுவீடாகக் கதவைத் தட்டுகிறார்.

“செவப்பு போட்டுட்டான்மா! செவப்பு!”

பட்டுத் தறி ஓடுகிற தெரு இது, பெண்கள் விடுவார்களா?

“எந்தச் செவப்புண்ணா? அரக்கா, மொளகாப்பழமா?”

“பார்டர் என்னா கலரு, அத்தயும் சொல்லிட்டுப் போங்க!”

“சிரிங்கமா, நல்லா சிரிங்க. வேகவதி ஆறு ஊட்டுக்குள்ள வந்து ஒக்காரும், அப்ப யாரு சிரிக்கிறான்னு பாக்கறேன்.”

சிரித்தோம். ஆனால் அந்த வருஷம் வானம் அவர் கட்சிக்குப் போய்விட்டது. காலையில் தூறல், மத்தியானம் இடி, சாயங்காலம் சாக்கடை ரோட்டுக்கு மேலே. துணி காயவில்லை, விறகு எரியவில்லை, யார் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லோரையும்விட மோசம் எதிர்வீட்டுக் கஸ்தூரியின் பாடு.

உங்கள் ஊரில் தறி கிடையாது, அதனால் சொல்கிறேன். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பேர் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, விறைப்பாகக் காயவைக்க வேண்டும். கஞ்சி பட்ட பிறகு பாதியில் சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். மழை பட்டாலும் போச்சு. பட்டு முழுக்கக் குப்பைதான். கஸ்தூரி வீட்டுக்காரருக்கு ஒரு முகூர்த்தப் புடவை நெய்ய வந்திருந்தது. பாவு போட வழியில்லாமல் தறி சும்மா கிடந்தது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பட்டைத் திருப்பிக் கொடு, வேறு ஆளிடம் நெய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அது கைவிட்டுப் போனால் அந்த வீட்டுக்கு வேறு வேலை இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் ரெட் அலர்ட் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பால் வாங்கப் போனவள், அப்படியே நின்றேன்.

“அண்ணா, கடக்காரரு ஆளு நாளிக்கு வந்து பட்ட வாங்கிக்கினு பூடுவான். ஒங்க வாயால ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க. இன்னிக்குப் பாவு போடலாமா?”

அவர் போனைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். படம் பூராவும் சிவப்பு. அதைப் படிக்க எனக்கு எழுத்து வேண்டாம். பிறகு கஸ்தூரி முகத்தைப் பார்த்தார். போனை மடியில் செருகிக்கொண்டார்.

“மழ இல்லம்மா. போடு.”

செண்பகம் ஓடி வந்து, காய்ச்சலா என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பாவை இழுத்துக் கட்டினார்கள். கஞ்சி போட்டு முடிக்கவில்லை, கிழக்கே மையைக் கரைத்து ஊற்றின மாதிரி வந்துவிட்டது. கஸ்தூரி மாரில் அடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் ரெட் அலர்ட் மூங்கில்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்.

“யாரு ஊட்டுக் கல்யாணம்பா?” என்றேன் நான், புத்தி போன மாதிரி.

“பாவுக்குக்கா. கம்ப புடி.”

கம்பு நட்டார், கயிறு இழுத்தார், தார்ப்பாய் விரித்தார். தெருவின் பாதியிலேயே தார்ப்பாய் தீர்ந்துவிட்டது. ஓடிப்போய்த் தன் கொட்டகைமேல் ஏறி, கூரைக்குப் போட்டிருந்ததை உருவினார்.

“யோவ், அது நம்ம கொட்டாய்யா! உள்ள வெல்வெட்டு, ஜமக்காளம், எல்லாம் இருக்குது!”

“அது நனஞ்சா வேற வாங்கலாம். இந்தப் பாவு நனஞ்சா இவ கதி என்னா?”

அதையும் பாவுக்கு மேலே இழுத்துக் கடைசி முடிச்சைப் போட்டதுதான் தாமதம், கொட்டியது. அப்படியொரு காற்றை நான் இந்த வயசுக்குப் பார்த்ததில்லை. முருங்கை மரம் முறிந்தது, யார் வீட்டுத் தகரமோ பறந்து போனது, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பந்தல் அசையவில்லை. அத்தனை வருஷம் நாங்கள் திட்டிய முடிச்சுகள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. உள்ளே நாங்கள் பெண்கள் முறமும் விசிறியுமாகப் பாவுக்கு வீசிக்கொண்டிருந்தோம். கட்டின புருஷனுக்குக்கூட நான் அப்படி விசிறியதில்லை.

பாவு பிழைத்தது. தறி ஏறியது. புடவையும் போய்ச் சேர்ந்தது.

அவர் கொட்டகைதான் போய்விட்டது. மேலே மழை, கீழே சாக்கடை. கல்யாண வெல்வெட்டெல்லாம் கரும்பூசணம் பூத்து நாறியது. எவள் அதன் கீழே தாலி கட்டிக்கொள்வாள்? செண்பகம் ஒவ்வொன்றாகப் பிழிந்து பிழிந்து போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடி அந்தத் தொழிலை எடுத்துக் கட்ட அவருக்கு வயசும் இல்லை, தெம்பும் இல்லை. ஐப்பசிக்கு முன்பே வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கஸ்தூரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்திச் சொன்னது என்ன தெரியுமா?

“அழாதம்மா, ஏற்கெனவே ஊரெல்லாம் ஈரம். அடுத்து பருவமழ வேற வருது.”

இப்போது நீ போனை நீட்டி, இந்தக் கோடையிலும் மழை, இடி, வெள்ளம் என்கிறாய். போன் சொன்னால் பயமாக இருக்கிறது சரோஜா. அந்த மனிதர் சொன்னபோது எங்களுக்குப் பயமே வந்ததில்லை. வாலாஜாபாத்துப் பாலாற்றங்கரையில் இந்நேரம் குடையோடு யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாரோ. அவரை வாய்விட்டுத் திட்ட அங்கே நாலு பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் ஏங்கிப் போவார்...

ஐயையோ, தூறல் விழுகிறதே! இரு, மாடியில் புளி காயவைத்திருக்கிறேன்.