ஓட்டை வழியாகப் போன பந்து

யூசுப் துபாயிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார் என்று உப்பு லாரி ஓட்டும் ஜெயசீலன் சொன்னதிலிருந்து பக்தவச்சலத்துக்கு வேலை ஓடவில்லை. தன் உப்பளத்தில் யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்" என்றார். வெயில் அதிகமாக இருக்கிறது, இப்போதே வீட்டுக்குக் கிளம்பட்டுமா என்று வேலையாட்கள் கேட்டபோதும் "ஆகட்டும்" என்றார். அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

முஹம்மது யூசுப் கோட்டக்குப்பத்துக்காரர். பாண்டிச்சேரியில் காலேஜ் படித்தபோது இருவரும் ஒரே டீம். யூசுப் கோல் அடிப்பார், பக்தவச்சலம் கோல் காப்பார். லீவு விட்டால் யூசுப் சைக்கிளை மிதித்துக்கொண்டு பக்தவச்சலத்தின் ஊரான மரக்காணம் வந்துவிடுவார். உப்பள வரப்பில் உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாதபோதும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

எண்பத்தெட்டில் நடந்த கடலோரக் கோப்பையின் ஃபைனலில்தான் இருவரும் அவரவர் ஊருக்காக எதிரெதிராக நின்றார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம், யூசுப் ஒரு பந்தை அடித்தார். பக்தவச்சலம் பாய்ந்து விழுந்து, வாயில் போன மணலைத் துப்பிவிட்டு எழுவதற்குள் ரெஃப்ரி கோல் என்று விசில் ஊதிவிட்டார்.

பந்து வலைக்குள் கிடந்தது என்பதில் இரண்டு ஊருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி உள்ளே போனது என்பதில்தான் சண்டை. அந்த மைதானத்தில் கோல் கம்பத்துக்குக் கட்டுவது எக்கியார்குப்பத்தில் இரவல் வாங்கிய மீன்வலை. வலையின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை இருந்தது, பந்து கம்பத்துக்கு வெளியே போய் அதன் வழியாக உள்ளே நுழைந்தது என்றது மரக்காணம். ஓட்டை இருந்தது நிஜம், ஆனால் அது மறுபக்கம், பந்து நேராகத்தான் போனது என்றது கோட்டக்குப்பம்.

அன்று எல்லார் முன்னாலும் பக்தவச்சலம் யூசுப்பைத் திருடன் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் யூசுப் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். லீவில் வரும்போதெல்லாம் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து மரக்காணத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருப்பார். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கோப்பை போனதைப் பக்தவச்சலம் எப்போதோ மறந்துவிட்டார். சாயங்காலம் கடல்காற்று ஏறி, உப்புப் பாத்தித் தண்ணீர் சிவக்கிற நேரத்தில் சொல்வதற்கு ஏதாவது ஒன்று அவர் வாயில் வந்து நிற்கும். அதை மனைவி கமலாம்பாளிடம் சொல்லிப் பார்ப்பார். அவளும் நன்றாகத்தான் கேட்பாள். ஆனால் அது வேறு.

அதனால் ஜெயசீலனிடமே சொல்லி அனுப்பினார். அது கோல்தான், நான் ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் செய்தி. லாரியைக் கோட்டக்குப்பத்தில் ஓரம் கட்டிய ஜெயசீலன், கேட்பதற்கு இதமாக இருக்கட்டுமே என்று தன் சரக்கையும் சேர்த்தான். "பாவம், வயசாயிடுச்சு பாய். சண்டை எதுக்குன்னு ஒத்துக்கிறாரு."

பிச்சையாகப் போடுகிற கோல் தனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னார் யூசுப். இதை மட்டும் ஜெயசீலன் எதையும் சேர்க்காமல் கொண்டுவந்து கொடுத்தான்.

பக்தவச்சலம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மனசாரத்தான் சொன்னேன் என்பதை யூசுப் நம்பவேண்டுமே. ஊரறியச் சொல்லிவிட்டால் நம்புவான் என்று தோன்றியது. மரக்காணத்துப் பழைய ஆட்டக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில், அது சுத்தமான கோல், ஓட்டை கீட்டை எல்லாம் நாங்கள் கட்டிவிட்ட கதை என்று குரல் பதிவு போட்டார்.

உடனே அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். பதிவு கோட்டக்குப்பம் வரை போய், யூசுப் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தார்கள். பக்தவச்சலத்தை மரக்காணத்தில் துரோகி என்று ஏசுகிறார்கள் என்ற சேதியும் கூடவே போயிருந்தது. மறுநாள் யூசுப் தன் ஊர் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டார்.

"அது கோல் இல்ல. பந்து வெளியதான் போச்சு, ஓட்டை வழியா உள்ள வந்துது. பக்தாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பட்டாசு வெடித்தவர்கள் இப்போது யூசுப்பைத் திட்டினார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று மகன் உமைரே கோபித்துக்கொண்டான்.

ஜெயசீலன் அனுப்பிவைத்த அந்தப் பதிவைப் பக்தவச்சலம் திரும்பத் திரும்பக் கேட்டார். குரல் தடித்திருந்தது, நடுவில் மூச்சு வாங்கியது. ஆனால் பக்தா என்று சொன்ன இடத்தில் அதே சைக்கிள்காரன் இருந்தான். கமலாம்பாள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, நேரில்தான் போய்ப் பாருங்களேன் என்றாள். எந்த முகத்தோடு போவது என்றார் அவர். அவள் ஜெயசீலனிடம் நம்பர் வாங்கி, யூசுப்பின் மனைவி ரம்ஜான் பீவியிடம் தானே பேசினாள். ஆண்கள் இத்தனை வருஷமாகச் செய்யமுடியாததைப் பெண்கள் ஒரு போனில் முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து யூசுப் மனைவியோடு காரில் உப்பளத்துக்கு வந்தார். கமலாம்பாளும் ரம்ஜான் பீவியும் கார் பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். யூசுப் முட்டி வலியோடு வரப்பில் மெல்ல நடந்துவந்து பக்தவச்சலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்க்கரையில் வேலையாட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"அது கோல்தான்டா யூசுப்பு" என்றார் பக்தவச்சலம்.

"இல்லப்பா. வெளியதான் போச்சு."

"கீப்பர் நானு. எனக்குத் தெரியாதா?"

"அடிச்சவன் நானு. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். ஓட்டை வலது பக்கம், நீ அடித்தது இடது பக்கம் என்று கோட்டக்குப்பத்துக்காக வாதாடினார் பக்தவச்சலம். இல்லை, இடது பக்கமேதான் ஓட்டை என்று மரக்காணத்துக்காக வாதாடினார் யூசுப். வேலையாட்கள் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், உன்னிடம் மனுஷன் பேசமுடியாது என்று யூசுப் கார் பக்கம் திரும்பினார். பக்தவச்சலம் எழுந்து பின்னாலேயே ஓடினார். கார் மறுபடியும் நிற்காமல் போய்விடப்போகிறது.

ரம்ஜான் பீவி கதவில் கைவைத்து மறித்தாள். வலைக்காரரையே கேட்டால் தீர்ந்துவிடாதா என்றாள். கமலாம்பாளுக்கும் அது சரியாகப் பட்டது. லோடு ஏற்ற வந்திருந்த ஜெயசீலன் ஒரு பைக்கில் எக்கியார்குப்பம் போய், வலை கொடுத்த குப்புசாமியை அழைத்துவந்தான். தலை நரைத்த அந்த மீனவர், லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு இருவரும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீயே சொல்லுப்பா. ஓட்டை எந்தப் பக்கம் இருந்துது?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

குப்புசாமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு மீன் வாரி வாரி கெடைச்சுதுங்க, வலை கடல்ல இருந்துது. உங்க கம்பத்துக்கு வலையே கட்டலியே."