பாதுகாப்பு அதிகாரியின் முதல் கேள்வி

மனிதர்களில் ‘நீங்க என்ன சொன்னீங்க?’ என்றொரு ரகம் உண்டு. அடிபட்டவரைப் பார்த்ததும் இவர்கள் மருந்தைத் தேடமாட்டார்கள், காரணத்தைத் தேடுவார்கள். அதையும் அடிபட்டவரிடமே தேடுவார்கள். இந்த ரகத்தில் முதல்தரமான ஒருவரை எனக்குத் தெரியும். மனநல மருத்துவமனை ஒன்றில் அவர்தான் பாதுகாப்பு அதிகாரி.

தங்கமான மனிதர். நர்ஸ்களின் பாதுகாப்புக்காக மாதம் ஒரு கூட்டம் போட்டு, ‘புன்னகையுடன் பணிபுரிவோம்’ என்று சுவரில் எழுதி மாட்டி, ஆபத்து வந்தால் அழுத்துவதற்காக நர்ஸ்களின் சட்டையில் இருக்க வேண்டிய அபாய மணிகளை, தொலைந்துவிடுமே என்ற கவலையில் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் பையில் போட்டுக்கொண்டு நடமாடுவார். மணிகளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

ஒருநாள் ஆண்கள் வார்டு நர்ஸ் வீங்கிய மணிக்கட்டோடு வந்து நின்றார். மாத்திரை கொடுக்கும்போது, காதில் ஏதோ குரல் கேட்டு மிரண்ட நோயாளி ஒருவர் கையை முறுக்கிவிட்டார்.

“அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“மாத்திரை போட்டுக்கங்கன்னு சொன்னேன், சார்.”

“எப்படிச் சொன்னீங்க?”

“அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, சார். பாவம், பயந்துட்டார். முப்பது பேருக்கு நான் ஒருத்திதான். ஒரு மணியாவது குடுங்க. நாளைக்குக் கழுத்தைப் பிடிச்சா யாரைக் கூப்பிடுறது?”

“இந்த வேலையில இதெல்லாம் சகஜம்மா.”

இப்படி ஆறுதல் சொல்லி, அவரை இன்முகப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். வீங்கியது மணிக்கட்டு, பயிற்சி முகத்துக்கு. கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுவாரம் அதிகாரி வார்டைப் பார்வையிட வந்தார். அங்கே கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது நர்ஸ்களுக்கு அரிச்சுவடி. இவரோ அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதே நோயாளியிடம் குனிந்து நலம் விசாரித்தார். நோயாளி அட்டையின் பட்டையைப் பிடித்து இழுத்தார். “மணி, மணி” என்று அதிகாரி திணறினார். மணி அலமாரியில். சாவி அவர் பையில். கட்டுப்போட்ட கையோடு அதே நர்ஸ்தான் ஓடிவந்து, நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மெல்லப் பேசி, ஒவ்வொரு விரலாக விடுவித்தார். பிறகு சம்பவப் படிவத்தை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

“அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க, சார்?”

அன்று மாலைக்குள் மணிகள் எல்லாம் வார்டுக்கு வந்து சேர்ந்தன.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அந்த நர்ஸ் என் மனைவி. அதனால்தான் எனக்கு இத்தனை விவரம் தெரியும். வீங்கிய கையோடு வீட்டுக்கு வந்தவளிடம் நான் முதலில் என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் என்னைப்போல இல்லை, ‘வலிக்குதா?’ என்றுதான் கேட்டிருப்பீர்கள். எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.