கீழ்வீடு காலியான கதை

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீ நலமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் எழுதினால் போதும்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு வந்துவிடுவதாகவும், உன் கீழ்வீட்டைத் தயாராக வைக்கும்படியும் எழுதியிருந்தாய். சந்தோஷம். "பூட்டியே கிடந்தா வீடு வீணாயிடும், ஆள் நடமாட்டம் இருக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன் நீதான் என்பதை மறந்துவிடாதே. நடமாட்டத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆள்தான் இல்லை.

எல்லாம் உன் அக்காவால் வந்தது. மழைக்கு ஒதுங்கிய நொண்டி நாய் ஒன்றை, "ஒரே ஒரு ராத்திரிதாங்க" என்று உன் கூடத்தில் படுக்க வைத்தாள். காலையில் அதற்குக் கட்டுப்போட எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். வந்தவர் சும்மா வரக்கூடாதா, தன் கடையில் குடியேறியிருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பூனையைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியன் சிறகொடிந்த வாத்தோடு வந்தார். இப்படித்தான் உன் வீடு, தெருவே கூடிச் சம்பளமில்லாமல் நடத்தும் விலங்குக் காப்பகமாயிற்று. உன் குளியல் தொட்டி வாத்துக்கு, உன் துணி அலமாரியின் கீழ்த்தட்டு பிரசவ வார்டு. பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை, மாட்டிவிட்டார்கள். ஆணி அடித்தது நான்தான், மற்றவர்களுக்கு ஏணி என்றால் பயம்.

அந்த நொண்டி நாய்க்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை முறைப்பதால் வந்த பதவி. வளர்க்கப் பிராணி கேட்டு வருகிறவரை மேனேஜர் மோந்து பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கொடுப்பது என்று தையல்காரர் ஒரு சட்டம் போட்டார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. பல் டாக்டர் வந்தார், மேனேஜர் குரைத்தார். கணக்கு வாத்தியார் வந்தார், மேனேஜர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பாருங்க, அவனுக்கு ஏதோ தெரியுது" என்றாள் உன் அக்கா.

"என்னத்த தெரியுது? ஒரு கண்ணுல புரை."

"நீங்க சும்மா இருங்க. இத்தனை நாளாச்சு, உங்க பக்கத்துல ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கானா?"

உட்காரவில்லைதான். தினமும் சோறு வைக்கிறவன் நான். மனசு வலிக்காமல் இருக்குமா?

உன் கடிதம் வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், காலி செய்தே ஆகவேண்டும் என்று. கசாப்புக்கடைக்காரரைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டையில் பிஸ்கட் இருந்தால் மேனேஜர் உட்காருவார் என்பதை நான் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வருகிறவர்களை வாசலிலேயே கட்டித் தழுவி வரவேற்று, அவர்களுக்கே தெரியாமல் பையில் ஒன்றைப் போட்டுவிட்டேன். எனக்கு ஏது திடீரென்று இத்தனை பாசம் என்று உன் அக்காவே சந்தேகப்பட்டாள். பூனை குட்டிகளோடு பல் டாக்டரிடம் போயிற்று, வாத்து வாத்தியாரிடம் போயிற்று. கடைசியில் மேனேஜரே மருந்துக்கடை அம்மாவோடு போய்விட்டார். என்னிடம் மட்டும் பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்தவர்தானே, போகட்டும். ஆனாலும் வாசல் வெறிச்சென்று இருக்கிறது.

வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நிம்மதியாக வா. உன் மனைவிக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், அதைவிட நீண்ட பொறுமையோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: தபால்பெட்டி வரைக்கும் போன கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்து பிரித்து எழுதுகிறேன். வழியில் மருந்துக்கடை. என்னைப் பார்த்ததும் மேனேஜர் நொண்டிக்கொண்டே வந்தான், மோந்தான், என் செருப்பு மேலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பையையும் துழாவிப் பார்த்தேன், பிஸ்கட் தூள்கூட இல்லை. "அப்ப கூட்டிட்டுப் போங்க, சட்டம் சட்டம்தானே" என்றார் அந்த அம்மா. வீட்டுக்கு வந்தால் உன் வாசலில் பூனையோடு பல் டாக்டர். "மறுபடியும் மாசமா இருக்கு சார், உங்க அலமாரியத்தான் தேடுது." வாத்தியாரும் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. மாடியில் எங்களோடு ஒரு அறை இருக்கிறது, உங்களுக்குத் தாராளமாகப் போதும். வரும்போது சட்டைப்பையில் மறக்காமல் பிஸ்கட் வைத்துக்கொள். மேனேஜர் பக்கத்தில் உட்காராத ஆளை உள்ளே விடத் தையல்காரர் சம்மதிக்கமாட்டார்.